நரிக்கதைக்கு ஒரு கையெழுத்து

ஊரார் வீட்டுக் கதவைத் தட்டி "எனக்கு ஒரு கதை சொல்லுங்க"ன்னு கேக்கிறதும் ஒரு வேலைதான், நம்புங்க. தண்ணி ஃபில்டர் விக்கிறவங்க, காப்புறுதி ஏஜெண்டுங்க, சர்வேன்னு சொல்லிக்கிட்டு ஃபைலோட அலையுறவங்க, உங்களுக்கெல்லாம் நான் சொல்லப் போறது உடனே புரியும். கேட்டுக்கு உள்ள நாய், வெளிய நாம. "யாரு?"ன்னு ஒரு குரல் கேக்கும். அது ஜன்னலைச் சாத்துறதுக்குள்ள விஷயத்தைச் சொல்லி முடிச்சாகணும். அந்தக் கஷ்டம் பட்டவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

என் பேர் சாந்தி. ஈப்போ குனோங் ராபாட்ல வீடு. பன்னிரண்டு வருஷம் கையுறை பாக்டரியில நின்னுக்கிட்டே வேலை செஞ்சேன். ஆளைக் குறைச்சப்ப என்னையும் குறைச்சிட்டாங்க. நாப்பத்தாறு வயசுல யாரு வேலை குடுப்பா? அப்பதான் பல்கலைக்கழகத்துல நாட்டார் கதைங்களை ஆராய்ச்சி பண்ற ஒரு டாக்டரம்மா ஆள் தேடுறதா கேள்விப்பட்டேன். ஊசி போடுற டாக்டர் இல்லீங்க, படிச்சு வாங்கின டாக்டர். தமிழ் தெரியணும், மோட்டார் சைக்கிள் ஓட்டணும், யார்கிட்டயும் கூச்சமில்லாமப் பேசணும்னாங்க. மூணும் எங்கிட்ட இருந்துச்சு. மூணாவது கொஞ்சம் அதிகமாவே இருந்துச்சு.

வேலை இதுதான். ஆறு மாசத்துக்குள்ள பழைய ரப்பர் தோட்டத்துச் சனங்ககிட்ட முப்பது 'ட்ரிக்ஸ்டர்' கதை வாங்கணும். ஒவ்வொரு கதைக்கும் ஒரு சம்மத ஃபாரம். கதை சொன்னவங்க அதுல கையெழுத்துப் போடணும். முப்பதும் சேர்ந்தா வேலை நிரந்தரம். சேரலைன்னா மறுபடி ஏதாவது பாக்டரி வாசல். ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் குந்த முடியாத பொம்பளை நான். ஊர் ஊரா ஓடு, போன இடத்துல காதைக் குடுன்னு சொல்ற வேலை எனக்கு வேற எங்க கெடைக்கும்? எப்படியாவது இதைப் புடிச்சு வெச்சுக்கணும்னு ஒரே வெறி.

அவனுக்கு என்ன பேர்?

"ட்ரிக்ஸ்டர்னா ஏமாத்துறவன், ஆனா திருடன் இல்ல சாந்தி"ன்னு டாக்டரம்மா விளக்கினாங்க. செட்டிநாட்டுக் குடும்பம், எதையும் அளந்துதான் பேசுவாங்க. "உடம்புல பலம் இருக்காது. புலி, முதலை, ராஜான்னு பெரிய பெரிய ஆளுங்களை மூளையாலயே கவுத்துடுவான். சில நேரம் தான் வெட்டின குழியில தானே விழுவான். நல்லவன்னும் சொல்ல முடியாது, கெட்டவன்னும் சொல்ல முடியாது. எல்லா ஊர்க் கதையிலயும் இருக்கான். ஆப்பிரிக்காவுல சிலந்தி, அமெரிக்கப் பூர்வகுடிங்ககிட்ட காக்கா, மலாய்க்காரங்களுக்கு சருகுமான், நமக்கு நரி." இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு கேட்டேன். எத்தன்னா திட்டுற மாதிரி இருக்கு, தந்திரக்காரன்னா அதுல சிரிப்பு இல்ல, கில்லாடின்னா பாராட்டுற மாதிரி ஆயிடுதுன்னு அவங்களே ஒவ்வொண்ணா அடிச்சுட்டு, "நீங்க எப்படியாவது கேட்டு வாங்கிடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

முதல் வீடு, எங்க வரிசையிலேயே காலையில நாசி லெமாக், அதாங்க தேங்காய்ச்சோறு, விக்கிற ராஜம்மா அக்கா வீடு. "அக்கா, ஏமாத்துக்காரன் கதை ஒண்ணு சொல்லுங்களேன்"னு ரெக்கார்டரை நீட்டினேன். அக்கா மூச்சு விடாம ஒரு மணி நேரம் பேசுனாங்க. கோர்ட்டுல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் போன் பண்ணானாம். உங்க பேர்ல கேஸ் இருக்குன்னு மிரட்டுனானாம். அக்கா பதிலுக்கு அவனையே அழ வெச்சாங்களாம். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நாட்டார் கதை இல்லையே. "இது இல்லக்கா, அந்தக் காலத்து ஏமாத்துக்காரன் கதை, தோட்டத்துல சொல்வாங்களே, அது வேணும்"னேன். அக்கா பொட்டலம் கட்டுறதை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாங்க.

"செத்துப்போன ஏமாத்துக்காரனைத் தேடி மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தி அலையுறியேலா, உயிரோட இருக்கிறவன் தினம் ரெண்டு பேர் எனக்குப் போன் பண்றான், நம்பர் தரட்டுமா?"

கோலா கங்சார் நரி

அடுத்த தடவை கேள்வியை மாத்திக்கிட்டேன். "நரிக்கதை தெரியுமா?"ன்னு கேட்டா சனங்க முகமே மலர்ந்துடுது. கோலா கங்சார்ல ஆத்தோரம் ஒரு சாப்பாட்டுக் கடையில ரெண்டு பேர் மாட்டுனாங்க. ரெண்டு பேரும் மச்சான் முறை, ஒரே தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க. ஒருத்தர் நரி முதலைங்க முதுகுல ஏறி பேராக் ஆத்தைத் தாண்டுன கதையை ஆரம்பிச்சார். இன்னொருத்தர் குறுக்க பாய்ஞ்சார். "மச்சான், முதலையை ஏமாத்துனது சருகுமான்லா. அது கம்போங்ல மலாய்க்காரங்க சொல்ற கதை. நீ நரியை எதுக்கு ஆத்துல எறக்குற?" அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. கடைசியில சருகுமான் பாதி ஆத்தையும் நரி மீதி ஆத்தையும் தாண்டுற மாதிரி ஒரு சமாதானம் ஆச்சு. நான் அப்படியே பதிவு பண்ணிக்கிட்டேன்.

கையெழுத்து வாங்கிக்கிட்டே சும்மா இருக்காம வாயைக் குடுத்தேன். "அண்ணே, நரி பாக்க எப்படி இருக்கும்?" ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. பாத்ததே இல்லையாம். இந்த நாட்டுல நரியே கெடையாதே! மூணு தலைமுறையா யாரும் கண்ணால பாக்காத ஒரு மிருகத்தோட கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கோம். எனக்கு அது அன்னிக்குத்தான் உறைச்சது. பெரிய மச்சான் தேத்தண்ணியை உறிஞ்சிட்டு நிதானமாச் சொன்னார்.

"நம்ம ஆளுங்க வந்த கப்பல்லதான் அதுவும் வந்திருக்கும், ஆனா வெள்ளைக்காரன் எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்குனானே, அதுகிட்ட மட்டும் வாங்க முடியாமப் போச்சு."

வாழைப்பழம் பொரிச்ச கதை

சுங்கை சிப்புட் பக்கம் பார்வதி அக்கான்னு ஒருத்தங்க. அவங்க இருந்த தோட்டத்தை வித்ததுக்கு அப்புறம் மலிவு வீட்டுக்கு வந்தவங்க. அவங்க சொன்ன கதை மாதிரி நான் கேட்டதே இல்ல. விறகு பொறுக்கக்கூடாதுன்னு துரை உத்தரவு போட்டுட்டாராம். சின்னப்பொண்ணுன்னு ஒரு சீவுகாரி, விழுந்து கெடந்த மரத்துல மஞ்சள் துணியைக் கட்டி, மூணு கல்லை வெச்சு, "முனி இறங்கிடுச்சு, எடத்தைச் சுத்தமா வெக்காட்டி துரை வீட்டுக்குத்தான் மொதல்ல வரும்"னு தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி காதுல போட்டுட்டா. மறுநாள் துரையே ஓடி வந்து, தோட்டத்துல ஒரு குச்சி விடாமப் பொறுக்கிட்டுப் போங்கன்னு கெஞ்சினாராம். சின்னப்பொண்ணு மாட்டிக்கிட்டது அதுக்கப்புறம். முனிக்குப் பூசாரி வேணுமேன்னு அவளையே உக்கார வெச்சுட்டாங்க, சாகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை கறி திங்க முடியல!

வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஃபாரத்தை நீட்டினேன். அக்கா முகம் சட்டுனு சுருங்கிப் போச்சு. அடுப்பைப் பாக்கிறேன்னு உள்ள போனவங்கதான், ரொம்ப நேரம் வரல. கடைசியில ஒரு தட்டு நிறையப் பொரிச்ச வாழைப்பழத்தோட வந்தாங்க, பேனாவைத் தொடவே இல்ல. அப்புறமாத்தான் சொன்னாங்க. தோட்டம் விக்கிறப்போ ஒரு ஆளு வந்து, 'கூட்டத்துக்கு வந்ததுக்கு அடையாளமா'ன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினானாம். அது வீட்டைக் காலி பண்ண சம்மதம்னு எழுதின பேப்பராம். அன்னியிலேருந்து பார்வதி அக்கா எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல. பேத்தியோட பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுலகூட மருமகதான் போடுதாம். பழத்தைத் தின்னுக்கிட்டே, "இல்லக்கா, இது வெறும் கதைக்குத்தான்"னு இழுத்தேன்.

"அவனும் இப்படித்தாம்மா, வெறும் வருகைக்குத்தான்னு சொன்னான்."

டாக்டரம்மா மேசை

இதே பாட்டு எல்லா ஊர்லயும். கதை கொட்டுது, கையெழுத்து வர மாட்டேங்குது. நாலு மாசம் ஓடிப்போச்சு, கையில பதினொரு ஃபாரம். எனக்குச் சோறு எறங்கல. வீட்டுல நின்ன எடத்துல நிக்காம கூட்டுன வாசலையே கூட்டிக்கிட்டு இருந்தேன். என் வீட்டுக்காரர், "பழையபடி பாக்டரிக்கே போயிடேன், அங்க நின்னாவது இருப்ப"ன்னார். அன்னிக்கு அவருக்குத் தேத்தண்ணி கெடைக்கல.

டாக்டரம்மாகிட்ட போய் அழாத குறையாக் கேட்டேன். "குரல் பதிவு இருக்கு, கதை இருக்கு, ஒரு கிறுக்கல் இல்லேன்னா என்ன குறைஞ்சு போச்சு?" அவங்களுக்கு மேல ஒரு குழு இருக்காம், அந்தக் குழு ஃபாரம் இல்லாத கதையைத் தொடாதாம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"கதை சொல்றவங்களை யாரும் ஏமாத்திடக் கூடாதுன்னுதான் சாந்தி இந்த ஃபாரமே இருக்கு."

முள்ளம்பன்னியும் சின்னையா அண்ணனும்

வருஷம் பூரா கொட்டுற தைப்பிங் மழையைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மோட்டாரை ஒரு பஸ் நிறுத்தத்துல விட்டுட்டு நனைஞ்ச கோழியா நின்னப்போ, ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்னுச்சு. ஓட்டுனவர் சின்னையா அண்ணன், அறுபது தாண்டினவர். "ஏறும்மா, பசியாறியாச்சா?"ன்னார். பஸ்ஸுக்குள்ளயே கதை ஆரம்பிச்சிடுச்சு. முள்ளம்பன்னியைத் திங்க ஒரு புலி வந்துச்சாம். முள்ளம்பன்னி முள்ளையெல்லாம் சிலுப்பிக்கிட்டு, "வாங்க வாங்க, இதெல்லாம் இதுக்கு முந்தி வந்த புலிங்களோட மீசை. உங்க மீசையை எங்க குத்திக்கிறதுன்னு எடம் பாத்துக்கிட்டு இருக்கேன்"னுச்சாம். புலி மூஞ்சியைப் பொத்திக்கிட்டு ஓடிப்போச்சு. முள்ளம்பன்னி அதைக் காடு முழுக்கப் பீத்திக்கிச்சு. அடுத்த தடவை புலி வந்ததும் காட்டுல இருக்கிற எல்லாமும் சேர்ந்து முள்ளம்பன்னியைத்தான் புடிச்சு முன்னாடி தள்ளிவிட்டுச்சாம். டாக்டரம்மா சொன்ன அத்தனையும் அந்த ஒரு கதையில இருந்துச்சு.

பயந்துக்கிட்டே ஃபாரத்தை எடுத்தேன். அண்ணன் பேனாவைப் புடுங்கி, ஒரு சுழி, ரெண்டு கோடு, கீழ ஒரு வால்னு அழகாப் போட்டுக் குடுத்துட்டார்! எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. அவர் இருக்கிற தாமான்ல, அந்தக் குடியிருப்பு முழுக்க, ஒரே தோட்டத்து ஆளுங்க. மூணு வாரத்துல பத்தொன்பது கதை, பத்தொன்பது கையெழுத்து. ஒருத்தர்கூட மூஞ்சி சுளிக்கல. பேரை எல்லாம் நானே மேல எழுதிக்கிட்டேன், அவங்க கீழ கையெழுத்துப் போட்டாங்க. பதினொண்ணும் பத்தொன்பதும் முப்பது. "உங்க சனங்க மட்டும் எப்படிண்ணே பயப்படாமப் போடுறீங்க?"ன்னு கேட்டேன்.

"நாங்க ரொம்ப வருஷமா பழகிட்டோம் தங்கச்சி, யாரு பேப்பர் கொண்டாந்தாலும் சந்தோஷமா போட்டுக் குடுத்துடுவோம்."

ஒரே கை

முப்பது ஃபாரத்தையும் குடுத்துட்டு ரெண்டு நாள் நான் தரையிலேயே நடக்கல. மூணாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. மேசை மேல பத்தொன்பது ஃபாரத்தையும் வரிசையாப் பரப்பி வெச்சிருந்தாங்க. பத்தொன்பதுலயும் ஒரே சுழி, ஒரே ரெண்டு கோடு, ஒரே வால். பேர் மட்டும் வேற வேற, அதுவும் என் கையெழுத்துல! ஓட்டத்துல ஒவ்வொண்ணா வாங்கிப் பைக்குள்ள போட்டேனே தவிர, ஒரு தடவையாவது சேர்த்து வெச்சுப் பாத்தேனா? "நான் போடல டாக்டர், சத்தியமா நான் போடல"ன்னு சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பொய் மாதிரி கேட்டுச்சு. அவங்க கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வேலை போகுதேங்கிறது ஒரு பக்கம், கள்ளக் கையெழுத்துக்காரின்னு பேர் வாங்கிட்டுப் போறது தாங்க முடியல.

அவங்க ஃபாரங்களை அடுக்கிக்கிட்டே, என் முகத்தைப் பாக்காம மெதுவாச் சொன்னாங்க.

"ஏமாத்துறவங்க கதையைத்தான் கேட்டேன் சாந்தி, நீங்களே ஏமாத்துவீங்கன்னு நான் நினைக்கல."

ஹார்ட்லி துரை

ஈப்போவுலேருந்து தைப்பிங் வரைக்கும் நான் எப்படி மோட்டார் ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. சின்னையா அண்ணன் பஸ்ஸைக் கழுவிக்கிட்டு இருந்தார். வாளியை எட்டி உதைக்காத குறையாப் போய் நின்னேன். "என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

அண்ணன் குழாயை மூடிட்டு, கொஞ்சமும் பதறாம விளக்கினார். அது ஹார்ட்லி துரையோட கையெழுத்தாம். அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப தோட்டத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டுற அத்தனை நோட்டீஸ்லயும் அதுதான் இருக்குமாம். பாத்துப் பாத்து எல்லாருக்கும் அத்துப்படி. பின்னாடி இவங்க தோட்டத்தையும் வித்தாங்க. இவங்களும் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்க, வீடு போச்சு. அன்னிக்கு எல்லாரும் கூடிப் பேசி முடிவு எடுத்தாங்களாம். இனிமே யாரு பேப்பர் நீட்டினாலும் துரை கையெழுத்துத்தான். தண்ணி ஃபில்டர்காரனுக்கும் அதுதான், ஓட்டுக் கேக்க வந்தவன் நீட்டுன மனுவுக்கும் அதுதான். துரை எப்பவோ அவர் ஊருக்குப் போயிட்டாரு, வில்லங்கம் வந்தா அங்க போய் அவரைக் கேட்டுக்கட்டும்.

எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. அழுதுட்டேன். "எல்லாத்தையும் நான்தான் போட்டேன்னு சொல்றாங்கண்ணே. எனக்கு வேலை போனாக்கூடப் பரவால்ல, திருடின்னு பேர் வந்துடுச்சே"ன்னு அந்த ஈரத்தரையிலேயே உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டுச் சனங்க எல்லாம் வந்து சுத்தி நின்னாங்க. அண்ணன் துணியைப் பிழிஞ்சு தோள்ல போட்டார்.

"எந்திரி தங்கச்சி, துரை போட்ட கையெழுத்துக்கு நீ ஏன் மாட்டிக்கணும், நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுதான், பஸ்ஸை எடுக்கிறேன்."

பஸ் வந்த நாள்

மறுநாள் காலையில டாக்டரம்மா ஆபீஸ் வாசல்ல பள்ளிக்கூட பஸ் நின்னுச்சு. பத்தொன்பது பேரும் நல்ல சேலை, இஸ்திரி போட்ட சட்டையோட எறங்குனாங்க. அண்ணன் ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கினார். டாக்டரம்மா கண்ணு முன்னாடி ஒவ்வொருத்தரா வந்து போட்டாங்க. ஒரு சுழி, ரெண்டு கோடு, ஒரு வால். பத்தொன்பது தடவை! ஒரு அக்கா வாலைக் கொஞ்சம் குட்டையாப் போட்டதுக்கு பின்னாடி இருந்து, "துரை வால் இன்னும் நீளம்லா"ன்னு சத்தம் வந்துச்சு. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் அளந்து பேசுற அந்த அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் என் கையைப் புடிச்சு, "மன்னிச்சுக்குங்க சாந்தி"ன்னாங்க. எனக்கு அது போதும்.

ஆனா ஃபாரம் இன்னும் செல்லாதே. சொந்தக் கையெழுத்தைப் போட முடியுமான்னு அவங்க கேட்டதும் எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பாத்தாங்க. "அது மட்டும் முடியாது டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க"ன்னார் அண்ணன். டாக்டரம்மா ரெக்கார்டரை மேசை நடுவுல வெச்சாங்க. "வாயால சொல்ல முடியுமா? குழுகிட்ட நான் பேசிக்கிறேன்"னாங்க. அண்ணன் தொண்டையைச் செருமினார். "என் பேர் சின்னையா, அப்பா பேர் முத்து. முள்ளம்பன்னிக் கதை நான் சொன்னது. எனக்குச் சம்மதம்." அடுத்தவங்க வந்தாங்க. அதுக்கடுத்தவங்க வந்தாங்க. எத்தனையோ வருஷமா எந்தப் பேப்பருக்கும் தராத பேரை ஒவ்வொருத்தரும் நிமிர்ந்து நின்னு சொன்னாங்க. நான் மறுபடி அழுதேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல. பஸ் கெளம்பினதும் டாக்டரம்மா அந்த வெள்ளைத் தாளைப் பத்திரமா ஃபைலுக்குள்ள வெச்சாங்க.

"நாம முப்பது கதைதான் கேட்டோம் சாந்தி, இது முப்பத்தோராவது."

குழு சம்மதிக்க மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் எங்க வாசல் பட்ட பாட்டை வெளக்குமாறுதான் சொல்லணும். கடைசியில பல்கலைக்கழகத்துலேருந்து நியமனக் கடிதம் வந்துச்சு. நாலு பக்கம், பொடி எழுத்து, பாதி எனக்குப் புரியல. "இங்க ஒரு கையெழுத்து, சும்மா வழக்கத்துக்குத்தான்"னு ஆபீஸ் பொண்ணு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுச்சு. ஆசைப்பட்டு, அலைஞ்சு, அழுது வாங்கின வேலை. பேனாவைக் கையில எடுத்தேன்.

இன்னிக்கு வரைக்கும் அந்த வேலையிலதான் இருக்கேன், ஆனா அந்தக் கடிதத்துல இருக்கிறது யாரோட கையெழுத்துன்னு மட்டும் தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க.